பாலர் கையில் கைபேசி

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் மாநிலத்துப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை எந்தப் பொருளைப் பள்ளிக்கூட வாசலுக்குள் கொண்டுவரக் கூடாதென்று உபாத்தியாயர்கள் கண்டித்துவந்தார்களோ, எந்தப் பொருளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பெற்றோர் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவந்தார்களோ, அதே பொருள் புத்தகமாகவும் கரும்பலகையாகவும் உபாத்தியாயராகவும் ஒருசேர வேலை பார்க்க வேண்டியதாயிற்று. உயர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பதினைந்து வயதுப் பையன் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் படித்துக்கொள்ளக் கூடியவன். அவனுடைய சங்கடங்கள் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் படிக்கிற, எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவத்தில் இருக்கிற சிறுவர் சிறுமியருக்கு ஸ்மார்ட்போன் ஒரு கல்விச் சாதனமாகுமா, ஆகுமென்றால் எந்த விதத்தில், எவ்வளவு தூரம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். போன் இல்லாத குழந்தை காலத்தால் பின்தங்கிவிடும் என்பார் ஒருவர். போனைத் தொட்ட குழந்தை கெட்டுப்போகும் என்பார் மற்றொருவர். கருவி குழந்தையின் கையில் இருக்கிறதா இல்லையா என்பதையே இருவரும் பார்க்கிறார்கள். குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, உடனுக்குடன் பதில் சொல்ல ஒரு மனிதர் அருகில் இருக்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கடந்த சில ஆண்டுகளில் நமக்குப் பிரத்தியட்சமாகக் கிடைத்த அனுபவமும், பிற தேசங்களில் நிதானமாகச் செய்யப்பட்ட பரிசோதனைகளும் இந்த அபிப்பிராயத்தையே உறுதிப்படுத்துகின்றன.

தொற்றுக் காலத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு வகுப்பாசிரியை, 'மூன்றாம் வகுப்பு' என்று பெயரிட்ட வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாடப் பக்கத்தின் படத்தையும், பயிற்சிகளை எழுதி அனுப்பச் சொல்லும் ஒரு வரியையும் போடுவார். வீட்டில் இருப்பதோ ஒரே போன். அதுவும் கட்டட வேலைக்குப் போகிற தகப்பனாரின் சட்டைப் பையில் ஏறி விடியற்காலையிலேயே புறப்பட்டிருக்கும். இரவு ஏழு மணிக்கு அது திரும்பி வரும்போது மூன்று பேர் அதற்காகக் காத்திருப்பார்கள்: பத்தாம் வகுப்பு அக்காள், ஏழாம் வகுப்பு அண்ணன், இந்தச் சிறுமி. அரசாங்கப் பரீட்சை எழுதப் போகிறவளுக்கே முதல் பாத்தியதை என்பது குடும்பத்து நியாயம். சிறுமியின் முறை வருவதற்குள் டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும். விழித்திருந்த நாட்களில் அவள் செய்த காரியம், திரையில் கண்ட எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் அப்படியே வரைந்து, அக்காளைக் கொண்டு படமெடுத்து அனுப்பியதுதான். மறுநாள் ஆசிரியை, உயர்த்திய கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போடுவார். நோட்டில் எழுதியதை அவளால் வாசிக்க முடிகிறதா என்பது ஆசிரியைக்கும் தெரியாது, தாயாருக்கும் தெரியாது.

ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. கையில் இருந்ததைக் கொண்டு அவர் செய்யக்கூடியதைச் செய்தார். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியும் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆனால் இரண்டு வழியிலும் பாடம் ஒரு திசையில் மட்டுமே பயணம் செய்தது. குழந்தையின் குரல் திரும்பி வரவே இல்லை.

போன் இல்லாமைதான் குறையென்றால், அந்தக் குறை அதிசயிக்கத்தக்க வேகத்தில் நீங்கியது. நாட்டின் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் 2018இல் 36.5 சதவீதம், 2021இல் அது 67.6 சதவீதமாயிற்று என்று பிரதம் அமைப்பின் ஏசர் அறிக்கை காட்டுகிறது. மூன்றே வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்காகவே அதை வாங்கின. ஆயினும் போன் இருந்த வீட்டுப் பிள்ளைகளிலேயே நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. சிறு வகுப்புப் பிள்ளைகளே அதிகமாக விடுபட்டார்கள்.

கற்றல் என்ன ஆயிற்று? 2021 ஜனவரியில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் கர்நாடகம், ராஜஸ்தான் முதலிய ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில், இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான 16,067 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். முந்தைய வருஷம் கைவந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தவர்கள் 92 சதவீதம். கணக்கில் 82 சதவீதம். புதிதாகக் கற்காதது ஒருபுறமிருக்க, கற்றிருந்ததும் கரைந்துபோயிற்று. நம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரையில், கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ என்னும் மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளை வீடு தேடிச் சென்று சோதித்தனர். அதே கிராமங்களில் அதே வயதுக் குழந்தைகள் 2019இல் எந்த நிலையில் இருந்தார்கள் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் ஒப்பிட்டபோது மொழியிலும் பெரிய சரிவு, கணக்கில் அதைப்போல் இரு மடங்கு சரிவு. ஆனால் பள்ளிகள் திறந்து ஆறே மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற அந்தத் திட்டத்தின் தன்மை என்ன? மாலை ஐந்து மணிக்கு மேல், அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற, பெரும்பாலும் பெண்ணாகிய ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்துப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அவரை அக்காள் என்றார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதற்கும் உள்ள தாரதம்மியத்தை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் போனால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா தேசத்தில் அதே 2020இல் நடந்த ஒரு பரிசோதனை துலக்கமாகக் காட்டியது. நோம் ஆங்ரிஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள சுமார் 4,500 குடும்பங்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் பிரிவுக்கு வாரந்தோறும் சில எளிய கணக்குகளை எஸ்.எம்.எஸ். வழியாக அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவுக்கு அதே எஸ்.எம்.எஸ்.; அத்துடன் வாரம் ஒருமுறை பதினைந்து இருபது நிமிஷம் ஒரு தொலைபேசி அழைப்பு. அழைப்பவர் முதலில் பெற்றோருடன் பேசுவார். பிள்ளையை அருகில் அழைத்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். அந்த வாரத்துக் கணக்கொன்றை வாய்விட்டுப் போடச் சொல்லிக் கேட்பார். தவறினால் எங்கே தவறியது என்று எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, எஸ்.எம்.எஸ். மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இது 2022இல் பிரசுரமாயிற்று. பின்னர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா என்னும் ஐந்து தேசங்களிலும் இதையே செய்து பார்த்தார்கள்; பலன் குறையவில்லை, கூடியே இருந்தது. அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களே அழைத்த இடங்களிலும் அப்படியே.

இதற்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பட்டன் போன் போதுமானதாக இருந்தது. குழந்தைக்குக் கிடைத்தது, தனக்காகவே அழைத்துத் தன்னுடைய விடைக்காகக் காத்திருக்கும் ஒரு குரல். அதோடு, ஸ்பீக்கரில் வந்த கணக்கைத் தாயாரும் கேட்டார். தம் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

ஆரம்பப் பாடசாலையில் ஒரு குழந்தை வாசிக்கப் பழகுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த முடிவில் வியப்பு ஏதும் இராது. 'கொக்கு' என்று எழுதியிருக்கிறது. ஒற்றைக்கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவே 'க'. மூன்று குறிகளையும் ஒரே ஓசையாகச் சேர்க்க வேண்டும் என்பது நமக்குப் பழகிவிட்டதால் அதன் சிரமம் தெரிவதில்லை. குழந்தை கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' என்று சொல்லிவிட்டு, எஞ்சி நிற்கும் காலை என்ன செய்வதென்று அறியாமல் விழிக்கிறது. பழகிய ஆசிரியை உடனே திருத்திவிட மாட்டார். இரண்டு விரல்களால் இரண்டு பக்கக் குறிகளையும் மறைத்து, "இது என்ன கண்ணு?" என்பார். "க." இடது விரலை எடுப்பார். "கெ." வலது விரலையும் எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். குழந்தையின் உதடு குவியத் தொடங்கும். அந்தக் குவிதலைக் கண்டு எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது அடியெடுத்துக் கொடுப்பது என்று தீர்மானிப்பதில்தான் பாலபோதனையின் சூக்ஷ்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இருபது நிமிஷம் ஓடும் வண்ணப்படப் பாடத்தில் 'கொ' நூறு தடவை வந்து போகலாம். எந்த இடத்தில் நின்று காத்திருக்க வேண்டும் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது.

எழுதப் பழகுவதிலும் இதே நிலைமைதான். எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதாசிரமத்தில் 1789 முதல் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்த்து அதை 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது சீமைப் பள்ளிகளுக்குப் பரவியது. மணலில் எழுதும் விரல் எழுத்தை முதலிலிருந்து கடைசி வரை தானே உண்டாக்குகிறது. இதன் அருமையை நமது காலத்து விஞ்ஞானமும் எடுத்துக்காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக் காரின் ஜேம்ஸ், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைத் தாமே வரைவது, புள்ளிக்கோட்டின் மேல் வரைவது, விசைப்பலகையில் தட்டுவது என்னும் மூவகைப் பயிற்சிக்கும் பிந்திய மூளைச் செயற்பாட்டை ஒப்பிட்டார். வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்தெழுந்தது தாமே வரைந்து பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். எழுத்துப் பழக்கும் செயலிகள் பலவும் குழந்தையை அம்புக்குறி காட்டிய தடத்தின் மேல் விரலை இழுக்கச் சொல்கின்றன. இழுத்து முடித்ததும் பட்டாசு வெடிக்கிறது. 'ஞ'வையும் 'ண'வையும் 'இ'யையும் வெற்றுத்தாளில் எழுதச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஸ்லேட்டையும் குச்சியையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன்.

இனி, ஸ்மார்ட்போனுக்கே உரிய நன்மை ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநியாயமாகும். 2019 மார்ச்சில் 'போலோ' என்ற பெயரில் வெளிவந்து, பிற்பாடு தமிழிலும் கிடைத்த கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு, 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் ஒரு வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. திரையில் ஒரு சிறு கதை தோன்றும். குழந்தை உரக்க வாசிக்க, கருவி காதுகொடுத்துக் கேட்கும். சொல் சரியாக இருந்தால் குறியிட்டுக் காட்டும். தெரியாத சொல்லைத் தொட்டால் தியா என்ற பொம்மைப் பெண் அதைச் சொல்லிக் காட்டுவாள். நெட் இல்லாத இடத்திலும், இறக்கி வைத்த கதைகளை வாசிக்கலாம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கு, தடுக்கினால் சிரிக்காத, நாற்பது தடவை தப்பாகச் சொன்னாலும் சலிக்காத ஒரு துணை கிடைப்பது சாமானியமான உதவியன்று. கருவியும் கேட்கப் பழகிவிட்டது என்பதே இதன் சிறப்பு.

ஆனால் அந்தக் கேட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்லும் ஊரில் பிறந்த குழந்தை எழுத்தைச் சரியாக அடையாளங்கண்டு, தன் ஊர் வழக்கப்படி உச்சரிக்கலாம்; எழுத்து தெரியாமலே அப்படிச் சொல்லவும் செய்யலாம். எது என்று பிரித்தறிய அந்த ஊர்ப் பேச்சை அறிந்த காது வேண்டும். கதையில் கிணறு வந்தது, குழந்தை தடங்கலின்றி வாசித்துவிட்டது, நட்சத்திரமும் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்காள்தான், "நீ கெணறு பாத்திருக்கியாடா?" என்று கேட்பாள். இல்லையென்று அவன் தலையாட்ட, மறுநாள் மாலை மொத்தப் படையையும் கூட்டிக்கொண்டு போய் மேலத்தெருக் கிணற்றைக் காட்டுவாள். தன்னார்வலரின் கையில் இருந்ததனால்தான் அந்தச் செயலி இவ்வளவு பயன்பட்டது என்று நான் கருதுகிறேன்.

நம் மாநிலத்துக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் என்ற அதிகாரி தொடங்கிவைத்து, 2007இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறி அதற்குரிய அட்டையை எடுத்துப் படிக்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் பிள்ளைகளோடு உட்காருவார். அவரவர் நிலைக்குத் தக்க பாடம் என்று இன்றைய செயலிகள் பெருமை பேசுவதை அட்டைகளைக் கொண்டே நாம் செய்து பார்த்திருக்கிறோம். அட்டையானாலும் திரையானாலும், ஆசிரியர் தரையில் உட்கார்ந்த பள்ளிகளில் அது பலித்தது.

கண்ணுக்கு வரும் கேடு, ஒன்று முடியுமுன் மற்றொன்று தானாக ஓடும் குறும்படங்களின் இழுப்பு ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுமென்பதில்லை. வீட்டில் சிறு குழந்தை உள்ள எல்லாருக்கும் அவை தெரிந்தவையே. ஐந்து முதல் பத்து வயது வரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரை அடங்க வேண்டுமென்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் கூறியது. கிட்டப்பார்வை பெருகியதைக் கண்ட தைவான், பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் இருக்கச் செய்யும் திட்டத்தை 2010 முதல் நடத்திவருகிறது. பிரான்ஸ் தேசம் 2018இல் சட்டம் இயற்றிச் சிறுவர் பள்ளிகளில் போனை விலக்கியது. இவை போனை வெறுப்பவர்களின் காரியங்கள் அல்ல. எந்த வேளையில், எந்த வயதில் என்று அளவறிந்து நடப்பவர்களின் காரியங்கள்.

நம் பள்ளிகளில் போன் வேறொரு விதத்தில் நேரத்தைத் தின்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் நல்ல திட்டம். ஆனால் அதன் மதிப்பீடுகளை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே செயலியில் பதிவேற்ற வேண்டியிருப்பது, ஆசிரியர்கள் தொடர்ந்து முறையிட்டுவரும் பாரமாகிவிட்டது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் சிக்னலைத் தேடிக்கொண்டு வராந்தாவில் நிற்கும் நேரம், 'கொக்கு' வாசிக்கத் தடுமாறும் குழந்தையின் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். குழந்தையை அறிந்துகொள்வதற்காக வந்த கருவி, குழந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவே நிற்பதை நம்மால் சகிக்க முடியாது.

ஆகவே செய்யத்தக்கது என்ன? பெற்றோருக்கு நான் சொல்வது இது: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம் போனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூ.ஆர். கோடைக் காட்டினால் தீக்ஷா செயலி வழியாக அந்தப் பாடத்துக்கான படம் வரும். ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தி, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயாரும் இதைச் செய்யலாம். கதையைக் கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. பிறகு, நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, குழந்தை நாலு வரி வாசிப்பதை வாய்ஸ் மெசேஜாக ஆசிரியைக்கு அனுப்புங்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இன்னும் சற்றுப் பெரியது. ஓர் ஆசிரியர் பள்ளி நேரத்துக்குள்ளேயே, தினம் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு அழைத்து, அன்று பள்ளிக்கு வராத பிள்ளையானால் அந்தப் பிள்ளையுடனும், வந்த பிள்ளையானால் அதன் தாயாருடனும் பத்து நிமிஷம் பேசட்டும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று வாரத்துக்கொரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் குரல் போய்ச் சேரும். நீண்ட விடுமுறைகளிலோ பிள்ளையிடமே நேராகக் கணக்குக் கேட்கலாம். பட்டன் போன் உள்ள வீடும் இதில் விடுபடாது. வருகிற கல்வியாண்டில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்திலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய நேரத்தைப் பதிவேற்றப் பணியில் பாதியைக் குறைத்து ஆசிரியர்களுக்குத் தர வேண்டும்.